நவீன காலம் எந்த அடியில் தொடங்குகிறது? வாசிகசாலைச் சுவருக்கு உங்கள் கருத்து தேவை

ஒட்டுசுட்டான்வாசி

வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையின் உள்சுவரில் உலக வரலாற்றுக் காலக்கோடு ஒன்றைக் கீறப் போகிறோம். சுவரின் நீளம் சரியாக 16 அடி. 1200இல் தொடங்கி 2000இல் முடிக்கிறோம். ஆகவே ஓர் அடிக்கு 50 வருடம். மேல்பட்டியில் உலகம், கீழ்ப்பட்டியில் வன்னி. மத்திய காலத்துக்கு மண்ணிறம், நவீன காலத்துக்கு நீலம் என்று தீர்மானித்துப் பெயின்றும் வாங்கியாயிற்று. நிறம் எந்த இடத்தில் மாற வேண்டும் என்பதில்தான் நிர்வாகக் குழுவுக்குள் இழுபறி.

பாடப்புத்தகப்படி, கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியரிடம் விழுந்த 1453 அல்லது வாஸ்கோ ட காமா கடல்வழியாக இந்தியாவுக்கு வந்த 1498. 1498 என்றால் ஆறாவது அடியில் நிறம் மாறும். நான் 1803 என்கிறேன். அது பன்னிரண்டாவது அடி.

கற்சிலைமடுக் கல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அதிலுள்ள ஆங்கில எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசிப்போம். 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்பதுதான் அதிலுள்ள செய்தி. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஓகஸ்ட் 25இல், பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்திருந்தார். அதுவரை இந்தக் காட்டுக்குள் ஐரோப்பா கால் வைத்து நிலைக்கவில்லை. அப்படியிருக்க, 1498இலேயே எங்கள் பட்டிக்கு நீலம் அடிப்பது எப்படி நியாயம்?

ஆறாவது அடிக்கும் பன்னிரண்டாவது அடிக்கும் இடையில் ஆறு அடிச் சுவர். அதற்கு எந்த நிறம்? பெயின்றர் சனிக்கிழமை வருகிறார்.

வவுனியா ரீச்சர்

தம்பி, நல்ல வேலை செய்கிறீர்கள். முப்பது வருடம் கரும்பலகையில் இதே காலக்கோட்டைக் கீறிக் கீறி அழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், நிறம் ஆறாவது அடியில்தான் மாற வேண்டும். இரண்டு பட்டிக்கும்.

ஐரோப்பியர் வந்தால்தான் காலம் விடிகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. 1492 வரை உலகம் இரண்டு துண்டாகக் கிடந்தது. அமெரிக்கக் கண்டங்களில் இருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு நாங்கள் இருப்பது தெரியாது. எங்களுக்கு அவர்களைத் தெரியாது. அந்த வருடம் கொலம்பஸ் அங்கே போய் இறங்குகிறார். ஆறு வருடத்தில் வாஸ்கோ ட காமா ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக் கரைக்கு வருகிறார். 1519இல் மகெல்லனோடு புறப்பட்ட ஐந்து கப்பல்களில் ஒன்று 1522இல் உலகைச் சுற்றி முடித்து ஸ்பெயினுக்குத் திரும்புகிறது. முப்பது வருடம்தான்! உங்கள் சுவரில் முக்கால் அடிகூட இல்லை. அதற்குப் பிறகு ஒரு மூலையில் நடப்பது மறு மூலையில் விலையாகவோ விதையாகவோ நோயாகவோ வந்து நின்றது. 1520இல் மெக்சிக்கோவுக்குள் நுழைந்த பெரியம்மை அங்கே என்ன செய்தது என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் பேச்சுமூச்சில்லாமல் இருப்பார்கள்.

அதற்கு முன்பும் பெரிய நிகழ்ச்சிகள் உண்டு. 1258இல் மொங்கோலியர் பாக்தாத்தை அழித்தார்கள். 1347இல் கொள்ளைநோய் கப்பலேறி ஐரோப்பாவுக்குள் போனது. ஆனால் அவையெல்லாம் பழைய உலகத்தின் எல்லைக்குள் நடந்தவை.

வன்னிக்கு வருவோம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இரு தரப்பாருக்கும் வன்னித் தலைவர்களான வன்னியர் யானையைத் திறையாகக் கொடுத்தார்கள். கால் வைத்து நிலைத்தால்தான் வந்த கணக்கா? கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் போதாதா? அதோடு, 1782இலேயே ஒல்லாந்தர், வன்னியரின் ஆட்சிப் பகுதிகளான வன்னிமைகளை அடக்கி நேரடியாக ஆளத் தொடங்கிவிட்டார்கள். 1803ஐ முதல் நாள் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்குப் பரீட்சையும் இருக்கிறது. சுவர் ஒன்று சொல்ல, வினாத்தாள் வேறொன்று கேட்கக் கூடாது.

பனங்காமத்தான்

ரீச்சரை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கோட்டை யார் கீறியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உலக வரலாற்றைப் பண்டைய, மத்திய, நவீன என்று மூன்றாக வெட்டுவதைப் பாடநூல் வழக்கமாக நிலைநிறுத்தியவர் செல்லாரியஸ் என்ற ஜெர்மனிய ஆசிரியர். 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மத்திய காலம் கொன்ஸ்தாந்திநோபிள் விழுந்ததோடு முடிந்தது என்று 1453ஐ எல்லையாக வைத்தவரும் அவர்தான். எதற்கும் எதற்கும் மத்தி? ரோமாபுரியின் சிறப்புக்கும் தங்கள் காலத்துச் சிறப்புக்கும் மத்தி. அது அவர்கள் வீட்டுக் கணக்கு. அவர்கள் இருண்ட காலம் என்று சொன்ன அதே நூற்றாண்டுகளில்தான் பாக்தாத்தில் அல்ஜீப்ரா எழுதினார்கள், சீனாவில் கடதாசிப் பணம் புழங்கியது, சோழரின் கப்பல்கள் 1025இல் ஸ்ரீவிஜயம் வரை போயின. இங்கே எந்த இருட்டு?

1453இல் துருக்கியர் வணிகப் பாதையை அடைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். அதுவும் சரியில்லை. போர்த்துக்கேயர் 1415இலேயே செயுட்டாவைப் பிடித்து ஆபிரிக்கக் கரையோரமாக இறங்கத் தொடங்கிவிட்டார்கள். வெனிஸ் வணிகர்கள் 1453க்குப் பிறகும் அலெக்சாந்திரியாவில் மிளகு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடல் இணைப்பும் 1498இல் பிறக்கவில்லை. 1344இல் இப்னு பதூதா என்ற பயணி மொரோக்கோவிலிருந்து வந்து புத்தளத்தில் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், முத்துகளைக் காட்டிப் பேசினார் என்றும் எழுதியிருக்கிறார். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெய்வேந்திரமுனைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று ஒரே கல்லில் மூன்று காணிக்கை. இதெல்லாம் உங்கள் சுவரில் மண்ணிறத்துக்குள் போய்விடும். பீரங்கியோடு கோழிக்கோட்டுக்கு வந்தவரிடமிருந்து நீலம் தொடங்கும். அதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

இனி வன்னி. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது வருடம் இருந்தவர். 1679இல் தப்பி, அநுராதபுரம் தாண்டி, அருவியாற்றங்கரை வழியாகக் காட்டுக்குள் நடந்து மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கோட்டையில் போய்ச் சேர்ந்தார். வழியில் உள்ள தமிழர் நாட்டைப் பற்றி எழுதும்போது, அதற்குக் கைலாய வன்னியன் தலைவன், அவன் கண்டி அரசனுக்கும் கட்டுப்பட்டவனல்ல, ஒல்லாந்தருக்கும் கட்டுப்பட்டவனல்ல, ஒல்லாந்தர் சண்டை பிடித்தும் அவனை அடக்க முடியவில்லை என்கிறார். இது எங்கள் புலவர் பாடியதல்ல, வெளியாள் எழுதியது. 1679 உங்கள் சுவரில் ஒன்பதரை அடி. அந்த இடத்தில் வன்னிப் பட்டி நீலமாக இருந்தால் அது பொய்.

குளக்கட்டு

ஆறும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. பதினான்கு.

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கொடி மாறியதை வைத்துக் காலத்தை அளக்க எனக்குத் தெரியாது. கமக்காரனின் நாள் எப்போது மாறியது என்று பாருங்கள். 1803க்குப் பிறகும் வன்னியில் பெரும்போகம் பார்த்து விதைத்தார்கள், குளம் வான் பாய்ந்தால் கும்பிட்டார்கள், குளிர்காய்ச்சல் வந்தால் செத்தார்கள். அப்பப்பாவின் அப்பாவுக்கு ஆங்கிலேயர் தோற்றதும் ஒன்றுதான், வென்றதும் ஒன்றுதான்.

மாறியது 1905. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரெயில் முழுதாக ஓடியது அந்த வருடம். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் ஸ்ரேசன் ஆயின. இரணைமடுக் குளத்து வேலையும் அதே காலம்தான். பிறகு 1946இல் நுளம்பைக் கொல்ல டீ.டீ.ரீ. மருந்து அடிக்கத் தொடங்கினார்கள், காய்ச்சல் இறங்கியது, சனம் குடியேறியது. இங்கிலாந்தில் 1760களில் தொடங்கிய கைத்தொழில் புரட்சி எங்களுக்கு வந்து சேர இவ்வளவு நாள் எடுத்தது. நீராவி வந்த நாள்தான் நவீன காலம் வந்த நாள்.

வவுனியா ரீச்சர்

முதலில் பனங்காமத்தாருக்கு. 1453 பற்றி நீங்கள் சொன்னது சரி. துருக்கியர் பாதையை அடைத்த கதையை நானும் பல வருடம் அப்படியே படிப்பித்தேன். அதை விட்டுவிடுகிறேன். செல்லாரியஸ் கீறிய கோடு அவருடைய ஊர்க் கோடு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கோட்டுக்கு அவர் சொன்ன காரணம் பிழை என்பதற்காக அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. செங் ஹேயின் கப்பல்கள் 1433இல் திரும்பிப் போயின, பிறகு வரவில்லை. வாஸ்கோ ட காமாவின் வழியில் வந்தவர்கள் திரும்பித் திரும்பி வந்தார்கள். வித்தியாசம் அதுதான்.

நொக்ஸ் எழுதியதில் பாதியைத்தான் நீங்கள் சொன்னீர்கள். அடக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அதே மூச்சில், ஆனாலும் அவனைத் திறை கட்ட வைத்துவிட்டார்கள், வருடத்துக்கு இத்தனை யானை என்று கணக்கு என்கிறார். அந்த மறுபாதியையும் சுவரில் எழுத வேண்டும்.

அந்த யானைகள் எங்கே போயின? வன்னிக் காட்டில் பிடித்து, ஆனையிறவில் கடல்நீரேரியைக் கடத்தி, குடாநாட்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள், அந்தத் துறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயரே யானைத்துறை என்ற பொருள் தருவது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வந்து வாங்கினார்கள். ஒல்லாந்தக் கம்பனிக்குச் சோழமண்டலக் கரைத் துணி வேண்டும், ஏனென்றால் அந்தத் துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க முடியும். 1602இல் அம்ஸ்ரர்டாமில் பங்கு விற்றுத் தொடங்கிய கம்பனி அது. பனங்காமத்துக் காட்டில் கயிற்றில் விழுந்த யானை அங்கேயுள்ள பங்குக்காரரின் இலாபத்தில் ஒரு துளி. இதற்கு மேல் நவீன காலம் எப்படி வர வேண்டும்?

குளக்கட்டு ஐயா, மலேரியாக் காய்ச்சலுக்கு உங்கள் வீட்டில் கொய்னா மருந்து கொடுத்திருப்பார்கள் அல்லவா? அது அந்தீஸ் மலையில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், பிறகு இங்கே வந்தது. நீங்கள் பதினான்காவது அடியில் விழுங்கிய குளிசையின் வேர் ஆறாவது அடியில் இருக்கிறது.

குளக்கட்டு

கொய்னா கொடுத்தார்கள். அம்மம்மா பனங்கட்டித் துண்டை மற்றக் கையில் வைத்துக்கொண்டு விழுங்க வைப்பார். மரம் எங்கே வளர்ந்தது என்பது வேறு, மருந்து எப்போது என் வாய்க்கு வந்தது என்பது வேறு, ரீச்சர். குளத்தில் தண்ணீர் நிற்பதால் வயல் விளையாது. துருசை, அதாவது மதகை, திறந்தால்தான் விளையும்.

மல்லாவியான், ரொறன்ரோ

இரவு வேலை முடித்து வந்து வாசிக்கிறேன். நான் 1803 பக்கம். ஆனால் ஒட்டுசுட்டான்வாசி சொல்கிற காரணத்துக்காக அல்ல, நேரெதிரான காரணத்துக்காக. ஐரோப்பா அன்றுதான் காட்டுக்குள் வந்தது என்பதால் அல்ல, அந்த வருடம் எங்கள் காடு உலகச் சண்டைக்குள் முழுதாக இழுபட்டது என்பதால்.

ஆங்கிலேயர் முல்லைத்தீவுக்கு எப்படி வந்தார்கள்? 1789இல் பிரெஞ்சுப் புரட்சி. 1795 ஜனவரியில், ஆறுகள் உறைந்து கிடந்த குளிரில், பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஒல்லாந்தின் ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் இருந்துகொண்டு, குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள் என்று கடிதம் எழுதினார். அந்த வருடம் முடிவதற்குள் திருகோணமலை, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மன்னார் எல்லாம் கை மாறின. 1796 பெப்ரவரியில் கொழும்பு. பாரிசில் ஒரு கூட்டம் சிறையை உடைத்தது. ஆறு வருடத்தில் நந்திக்கடல் ஓரத்தில் கொடி மாறியது. எங்களில் யாரும் கேட்கப்படவில்லை.

அடுத்தது 1803ஐயே எடுங்கள். யூன் மாதம் கண்டிக்குப் போன ஆங்கிலப் படை அழிந்தது. ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டை விழுந்தது. செப்ரெம்பர் 23இல் தக்காணத்தில் அசாயே என்ற இடத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியரை வென்றார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவரும் இவர்தான். ஒக்டோபர் 31 கற்சிலைமடு. நவம்பர் 18இல் கடல்களுக்கு அப்பால் ஹெயிட்டியில் அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியனின் படையை முறியடித்தார்கள். 1804 ஜனவரி 1இல் விடுதலை அறிவித்தார்கள். வேண்டுமானால் நான்கு வருடம் பின்னே போங்கள்: 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்.

சின்ன வயதில் பண்டாரவன்னியன் கதையை எங்களுக்குத் தனிக் கதையாகத்தான் சொன்னார்கள். காட்டிக்கொடுத்தது யார், வாள் எங்கே போனது என்பதோடு முடிந்துவிடும். ஹெயிட்டியில் நடந்ததும் எங்கள் ஊரில் நடந்ததும் ஒரே மழைக்காலத்தில் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாற்பது வயதில், இங்கே நூலகத்தில் கண்டுபிடித்தேன். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வாசிகசாலைக்கு வரும் பிள்ளை பத்து வயதிலேயே அதைப் பார்க்கட்டும். பன்னிரண்டாவது அடியில் மேல்பட்டியில் ஹெயிட்டி, கீழ்ப்பட்டியில் கற்சிலைமடு.

கலைப்பிரிவு மாணவி

எல்லோரும் ராஜா, கம்பனி, கோட்டை என்று பேசுகிறீர்கள். நான் ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறேன்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனோம். கடல்நீரில் விளக்கெரியும் கோயில். கண்ணகி எங்களுக்கு எவ்வளவு பழையவள்! கும்பிட்டு வெளியே வந்தால் வரிசையாகக் கச்சான் கடை, நிலக்கடலைதான். ஆச்சி ஒருவர் வெறும் மணலைச் சட்டியில் சூடாக்கி அதில் கச்சானைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போய்விட்டுக் கச்சான் வாங்காமல் வீட்டுக்கு வந்தால் தம்பி விடமாட்டான். கச்சான் இல்லாத திருவிழா எங்களுக்குத் திருவிழாவே இல்லை.

கச்சான் தென்னமெரிக்கப் பயிர். 1492க்கு முன்பு அந்த விதை இந்தப் பக்கம் இல்லை. மிளகாயும் அப்படித்தான். அதற்கு முதல் எங்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். பெயரையே மிளகிலிருந்து எடுத்து மிளகாய் என்று வைத்திருக்கிறோம். மரவள்ளி, சோளன், பப்பாசி, அன்னாசி, மரமுந்திரிகை, புகையிலை எல்லாம் அங்கிருந்து வந்தவை. எங்கள் வளவில் அப்பா செத்தல் காயப்போடும்போது படங்கு முழுக்கச் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு முழுதும் மெக்சிக்கோப் பக்கத்துச் சிவப்பு.

வன்னிக்குள் கோட்டை வரவில்லை, ஆள் வரவில்லை என்று பனங்காமம் அண்ணை சொல்கிறார். விதை வந்திருக்கிறது. அடுப்படிக்கு வந்திருக்கிறது. யாரும் சண்டை பிடித்துக் கொண்டுவரவில்லை. கையிலிருந்து கைக்கு மாறி வந்திருக்கும். போர் செய்த ஆண்களின் வருடத்தை மட்டும் பார்த்தால் பன்னிரண்டு அடி. சமைத்த பெண்களின் வருடத்தைப் பார்த்தால் ரீச்சர் சொல்கிற இடத்துக்குக் கிட்டத்தான் வருகிறது.

வவுனியா ரீச்சர்

பிள்ளை, இதை முப்பது வருடத்தில் நான் வகுப்பில் இப்படிச் சொல்லவில்லையே.

பனங்காமத்தான்

தங்கச்சி சொன்னது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. நேற்று உரலில் மிளகாய் இடிக்கும் சத்தம் கேட்டபோதும் அதே யோசனைதான்.

ஒரு பிழையை ஒத்துக்கொள்கிறேன். இணைப்பு 1344இலும் இருந்தது, 1409இலும் இருந்தது, அதனால் 1498 புதிதல்ல என்றேன். அது போதாது. இப்னு பதூதா எத்தனை தரம் வந்திருந்தாலும் மிளகாய் கொண்டுவந்திருக்க முடியாது. மிளகாய் இருந்த இடம் அவருக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் ரீச்சரும் தங்கச்சியும் சொல்வதுதான் சரி.

ஆனால் நிறத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன். விதை வந்தபோது அதைப் போடுவதா விடுவதா என்பதை எங்கள் ஆட்கள் தீர்மானித்தார்கள். பிடித்ததை வைத்துக்கொண்டார்கள், பெயர் வைத்தார்கள், கோயில் வாசலில் விற்றார்கள். யானையில்கூட அப்படித்தான் பார்க்க வேண்டும். திறை கட்டிய அதே கைலாய வன்னியன், கண்டி அரசனின் படை ஒல்லாந்தருக்கு எதிராகப் போனபோது தன் நாட்டுக்குள் வழிவிட்டதோடு தானே போய் வழிகாட்டினான், ஒன்றிரண்டு கோட்டைகளையும் பிடித்தார்கள் என்று அதே நொக்ஸ் எழுதுகிறார். ஒரு கையால் யானை கொடுத்து, மறு கையால் கோட்டை பறிக்க முடிந்தது. ஆறாவது அடிக்கும் பன்னிரண்டாவது அடிக்கும் இடையில் இருந்த வாழ்க்கை அதுதான். உலகம் வந்துவிட்டது, ஆனால் கட்டளை வரவில்லை.

1803க்குப் பிறகு கட்டளை வந்தது. எந்தக் காணி யாருடையது, எந்தக் குளத்தை யார் கட்டுவது என்பதெல்லாம் அரச அலுவலகமான கச்சேரியில் தீர்மானமாயின. 1832இல் கொழும்பில் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ஊர் கூடிக் குளக்கட்டுக்கு மண் போடும் முறையும் அதோடு ஆட்டம் கண்டது. இதை என்னைவிடக் குளக்கட்டு ஐயா நன்றாகச் சொல்லுவார்.

இதில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு நோவு இருக்கிறது. எங்கள் வீட்டில் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அப்பப்பாவின் காணி உறுதிகள், அதற்கு முந்தைய ஓலைக் கட்டு ஒன்று. கடைசி இடப்பெயர்வில் அந்தப் பெட்டி போய்விட்டது. பிறகு காணிக்குப் பத்திரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். இந்த நிலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை தலைமுறை என்று எனக்குத் தெரியும், அயலுக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கடதாசிதான் தெரியும். ஊருக்குத் தெரிந்தது போதாது, கடதாசி வேண்டும் என்ற நிலை வந்த நாளைத்தான் நான் நவீன காலத்தின் தொடக்கம் என்பேன்.

குளக்கட்டு

இராசகாரியம் பற்றிச் சொன்னது உண்மை. சின்னக் குளம் ஒன்று இரண்டு மாரிக்குப் பார்ப்பாரில்லாமல் கிடந்தால் போதும். முதலில் கட்டில் எலி வளை வைக்கும், பிறகு அந்த வழியால் தண்ணீர் கசியும், மூன்றாம் மாரி உடைப்பெடுக்கும். வன்னிக் காட்டுக்குள் நடந்தால் மரம் முளைத்த கட்டு எத்தனை! சிலது 1215இல் கலிங்க மாகன் இந்தியாவிலிருந்து படையெடுத்து வந்து பொலன்னறுவை குலைந்த காலத்தோடு கைவிடப்பட்டிருக்கலாம், சிலது வெள்ளைக்காரன் காலத்தில். வேரைப் பார்த்து எது எது என்று சொல்ல என்னால் முடிந்ததில்லை.

பதினான்கில் நான் உறுதியாக நிற்கவில்லை. ரெயில் படம் ஒன்று மட்டும் போடுங்கள். அது ஏற்றிக்கொண்டு வந்ததும் உண்டு, ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு.

மல்லாவியான், ரொறன்ரோ

பனங்காமத்தார் சொன்ன காணிக் கடதாசி எனக்கும் உண்டு. இல்லாமல் உண்டு.

வவுனியா ரீச்சர்

பனங்காமத்தாரின் கேள்வியும் என் கேள்வியும் வேறு வேறு என்று இப்போது தெரிகிறது. உலகம் எப்போது எங்களைத் தொட்டது என்று நான் கேட்டேன். எப்போது எங்கள் கையிலிருந்து முடிவெடுக்கும் உரிமை போனது என்று அவர் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே வருடம் கிடைக்காது. மெக்சிக்கோவில் இரண்டும் சில வருடங்களுக்குள் நடந்து முடிந்தன. இங்கே முந்நூறு வருடம் எடுத்தது. யப்பானைப் பாருங்கள்: 1543இல் போர்த்துக்கேயத் துப்பாக்கி அங்கே போனது, 1630களில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், 1853இல் அமெரிக்கக் கப்பல் வந்து தட்டும்வரை தங்கள் பாட்டில் இருந்தார்கள். இந்த இடைவெளி ஊருக்கு ஊர் வேறுபடும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் மேல்பட்டியும் கீழ்ப்பட்டியும் ஒரே இடத்தில் நிறம் மாறக் கூடாது. இரண்டு பட்டிக்கும் ஆறு என்று தொடக்கத்தில் சொன்னேன், அதை மாற்றிக்கொள்கிறேன்.

மேல்பட்டிக்கு மட்டும் ஆறு. அதில் நான் இறங்க மாட்டேன்.

பனங்காமத்தான்

மேல்பட்டிக்கு ஆறு சரி. கீழ்ப்பட்டியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு நிறமும் கலந்து வரட்டும். ஆனால் செங் ஹேயின் கல்லும் இப்னு பதூதாவும் மண்ணிறத்துக்குள் சின்ன எழுத்தில் மறையக் கூடாது. வாஸ்கோ ட காமாவின் கப்பல் எந்த அளவோ அதே அளவு.

ஒட்டுசுட்டான்வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவில் இதை முழுதாக வாசித்துக் காட்டினேன். 1803 பற்றி நான் சொன்ன காரணத்தை விட்டுவிட்டேன். மல்லாவியான் அண்ணை சொன்னதை எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டாவது அடியில் மேலே ஹெயிட்டி, கீழே கற்சிலைமடு. ஆறாவது அடியில் கீழே மிளகாய்ச் செடியும் கச்சான் கொடியும். கச்சானைப் பிடுங்கி வேரோடு காட்டச் சொல்லிப் பெயின்றரிடம் சொல்லியிருக்கிறோம், காய் மண்ணுக்குள் இருப்பது தெரிய வேண்டும். பதினான்கில் ரெயில். இரண்டாம் மூன்றாம் அடிக்குள் இப்னு பதூதா, நான்குக்குக் கொஞ்சம் தாண்டிக் காலிக் கல்.

இன்று காலையில் அளவுநாடா பிடித்தபோது ஒரு சிக்கல். 1679 ஒன்பதரை அடியில் வருகிறது. அந்த இடத்தில் யன்னல். யன்னலுக்குக் கீழே இரண்டரை அடிச் சுவர்தான் மிச்சம். மேலே எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் இருந்து வாசிப்பது அந்த யன்னலடியில்தான், கீழே இருந்தால் அவர்களின் கண்ணுக்கு நேரே வரும். யானையை அங்கே கீறச் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் கயிறு ஒன்று, கயிற்றின் மறுமுனை கப்பலில். பாகன் யார் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று பெயின்றர் கேட்கிறார். பனங்காமம் அண்ணை, சனிக்கிழமை காலையில் ஒருக்கா வந்துவிட்டுப் போக முடியுமா?